இருதய சத்திரசிகிச்சைக்குப் பின் வரும் இரத்தக்கட்டி: வீட்டார் அறிய வேண்டியவை

திகன, தெல்தெனிய மக்களுக்கு இருதய சத்திரசிகிச்சை இன்று எட்டாத விடயமன்று. இலங்கையின் முதலாவது இருதய மாற்றுச் சத்திரசிகிச்சை 2017இல் நமது கண்டி வைத்தியசாலையிலேயே நடைபெற்றது. ஆயினும், சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்த பின்னரும் ஓர் ஆபத்து உண்டு. நாளத்தில் வைத்த குழாயைச் சுற்றி இரத்தம் உறைந்து கட்டியாகலாம்.

குழாய் எதற்கு?

கடுமையான மருந்துகளை ஏற்றவும் இரத்த அமுக்கத்தை அளக்கவும் கழுத்திலோ தொடை இடுக்கிலோ உள்ள பெரிய நாளத்தில் மெல்லிய குழாயொன்றைச் செலுத்துவார்கள். 1929இல் வேர்னர் ஃபோர்ஸ்மன் என்ற ஜேர்மனிய வைத்தியர் தமது கை நாளத்தின் வழியே இருதயம் வரை குழாயைச் செலுத்தி, இது முடியுமெனக் காட்டினார். 1956இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கட்டி எப்படி உண்டாகிறது?

வாய்க்காலில் ஒரு தடி செருகி நின்றால் சருகும் சேறும் அதில் தங்கும், நீரோட்டம் குறையும். நாளத்திலும் அவ்வாறே. குழாய் உடலுக்கு அந்நியப் பொருள். அது நாளத்தின் உட்சுவரை உராய்கிறது, ஓட்டத்தைத் தடுக்கிறது. சத்திரசிகிச்சைக்குப் பின் இரத்தமும் எளிதில் உறையும். நாளங்கள் மிகச் சிறியவையாதலால் பச்சிளங் குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம். கட்டி உடைந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே மோசம். எனவேதான் தேவை முடிந்ததும் குழாயை அகற்றிவிடுவார்கள்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

1. குழாய் இருந்த பக்கத்துக் கை, கழுத்து அல்லது கால் வீங்குதல்
2. அவ்விடத்தில் வலி, சிவத்தல், நாளங்கள் புடைத்தல்
3. காய்ச்சல், நடுக்கம்
4. திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி

குழாயை எடுத்து வீடு வந்த பின்னரும் இவை தோன்றலாம். வீக்கத்துக்கு எண்ணெய் பூசி உருவக் கூடாது. உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். மூச்சுத்திணறினால் 1990 என்ற இலக்கத்தில் இலவச அம்புலன்ஸை அழையுங்கள்.

மாடுகள் காட்டிய மருந்து

கட்டி வளராதிருக்க முதலில் ஹெப்பரின் ஊசி ஏற்றுவார்கள். சிலருக்குப் பின்னர் வார்ஃபரின் குளிசையும் தருவார்கள். இதன் கதை கமக்காரர்களுக்குரியது. 1920களில் வட அமெரிக்காவில் பூஞ்சணம் பிடித்த புல்லைத் தின்ற மாடுகள் இரத்தம் உறையாமல் இறந்தன. 1933இல் விஸ்கொன்சின் கமக்காரர் ஒருவர் பாற்கேன் ஒன்றில் உறையாத இரத்தத்தைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுசென்றார். அந்த ஆராய்ச்சியின் வழியே வார்ஃபரின் பிறந்தது. 1948இல் எலி மருந்தாக வந்த அது, 1954இல் மனிதருக்கும் மருந்தாயிற்று.

ஆகவே, அளவே இங்கு முக்கியம். கூடினால் இரத்தம் கசியும். குறைந்தால் கட்டி வளரும். குறித்த நாளில் ஐ.என்.ஆர். இரத்தப் பரிசோதனை செய்யாமல் அளவைத் தீர்மானிக்க முடியாது. கீரையை நிறுத்த வேண்டியதில்லை, ஒரே அளவாகச் சாப்பிடுங்கள். கேட்காமல் வேறு வலிக் குளிசை எடுக்க வேண்டாம். கருத்தரிக்க எண்ணும் பெண்கள் முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

இடம் மாறும்போது

விக்டோரியா நீர்த்தேக்கத்துக்காகக் காணியை விட்டு எழும்பிய குடும்பங்களுக்கு இடம்மாறுவது புதிதல்ல. வீடு மாறும்போது அறுந்துபோவது பெரும்பாலும் கிளினிக் தொடர்புதான். உறுதிப் பத்திரத்தோடு கிளினிக் கொப்பியையும் கட்டி எடுத்துச் செல்லுங்கள். குளிசை முடியுமுன் புதிய இடத்து வைத்தியசாலையில் அதைக் காட்டிப் பதிவுசெய்யுங்கள்.