குடும்பநல உத்தியோகத்தரும் தொழில் நிறைவும்

"மிட்வைப் மிஸ்ஸி வாறாங்க, கதிரையை எடுத்துப் போடு மகள்." அட்டாளைச்சேனையில் பிள்ளைப்பேற்று வீடுகளில் கேட்கும் குரல் இது. குழந்தை பிறந்து பத்து நாளைக்குள் இரண்டு தடவையாவது அவர் படியேற வேண்டும் என்பது ஒழுங்கு. ஏறத்தாழ 3,000 பேருக்கு ஒருவர் என்பது கணக்கு. பக்கத்துப் பிரிவில் வெற்றிடம் இருந்தால் அதுவும் இவர் தலையில்தான்.

இந்த வேலையில் மனநிறைவு எங்கிருந்து வருகிறது? சம்பளத்தைத்தான் எல்லோரும் முதலில் சொல்வோம். 1959இல் அமெரிக்க உளவியலாளர் பிரெடரிக் ஹேர்ஸ்பேர்க், பொறியியலாளரும் கணக்காளருமாக ஏறத்தாழ 200 பேரை விசாரித்து வேறொன்றைச் சொன்னார். சம்பளம், மேற்பார்வை, வேலைச்சூழல் ஆகியவை குறைந்தால் அதிருப்தி வரும். அவை சரியானால் முணுமுணுப்பு அடங்கும், அவ்வளவுதான். நிறைவைத் தருபவை வேறு: செய்து முடித்தோம் என்ற உணர்வு, பிறர் அதைக் கண்டுகொள்வது. இக்கொள்கைக்கு மறுப்புகளும் உண்டு. ஆனாலும் நம்மூர் மிஸ்ஸிமாரின் நிலைக்கு அது நன்றாகவே பொருந்துகிறது என்பேன்.

சிக்கல் அந்தக் 'கண்டுகொள்வதில்' தான் இருக்கிறது. சத்திரசிகிச்சை செய்த டொக்டருக்கு வீடே துஆச் செய்யும். ஏழாம் மாதத்தில் இரத்த அழுத்தம் கூடியதைக் கண்டு, "இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று விரட்டியவருக்கு? அங்கே ஒன்றுமே நடக்கவில்லையே! அகழ்ப்போரில் காயம்பட்டோருக்குக் கூடாரத்தில் மருந்திட்ட ருஃபைதா (ரழி) அவர்களை நாம் அறிவோம். காயம் வராமலே தடுப்பவரின் வேலை கண்ணுக்குப் படுவதில்லை.

படாவிட்டாலும் பலன் பெரிது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதார அலகு தொடங்கிய காலத்தை அடுத்து, 1930 அளவில், ஒரு இலட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 2,000 தாய்மாருக்கு மேல் இறந்தார்கள். இன்று அது 50க்கும் கீழே. மலேரியா ஒழிப்பு, பெண்கல்வி, இலவச வைத்தியசாலை எல்லாவற்றுக்கும் இதில் பங்குண்டு. வீடுவீடாக நடந்த கால்களுக்கும் உண்டு.

முதலாம் தரப் பிள்ளைகளின் வைத்தியப் பரிசோதனை நாளில் நீலமும் இளஞ்சிவப்புமாகச் சுகாதாரப் புத்தகங்கள் என் மேசையில் குவியும். நிறை வளைகோட்டில் மாதாமாதம் வைத்த புள்ளிகள், ஊசி போட்ட திகதிகள். இதை எழுதியவர் யார் என்று உம்மாமாரைக் கேட்டால் பலருக்கும் பெயர் தெரியாது. "எங்கட மிஸ்ஸிதான் சேர்" என்பார்கள்.