பல்லைக் காக்கும் நுண்ணுயிர்கள்

பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் பருகும் வழக்கம் மன்னார்த் தீவில் நம்மவர் பலர்க்கும் உண்டு. சீனியினும் அது நன்றென்பர். பல்லுக்கோ அவ்வேற்றுமை தெரியாது. இரண்டிலும் மிகுந்திருப்பது சுக்குரோசே. 1924இல் கிளார்க் என்பவர் இலண்டனில் சூத்தைப் பற்களினின்று பிரித்தெடுத்த இசுத்திரெப்டோகாக்கசு மியூட்டன்சு என்னும் பற்றீரியா, அவ்வினிப்பை அமிலமாக்கிப் பல்லின் மிளிரியைக் கரைக்கின்றது.

இப்பகையை வேறொரு பற்றீரியாவைக் கொண்டு அடக்கலாமோ? பின்லாந்தின் எல்சிங்கி நகரில் 594 பாலரை இரு பிரிவாக்கி, ஏழு மாதம் பால் வழங்கினர். ஒரு பிரிவினரின் பாலில் மட்டும் இலற்றோபசிலசு வகையொன்று கலந்திருந்தது. 2001இல் வெளியான முடிவின்படி, அதனைப் பருகியோர்க்குச் சூத்தை குறைந்தது. 3, 4 வயதினரிடையே அப்பயன் தெளிவாயிருந்தது. வியப்பென்னவெனில், இலற்றோபசிலசும் அமிலம் உண்டாக்குவதே. அவ்வினத்துள் வேறு சில சூத்தைக் குழிகளிலேயே குடியிருப்பவை! ஆதலின் வகை மாறினால் குணமும் மாறும். நம் எருமைத்தயிர் அதே பயனைத் தருமென்று கொள்ளலாகாது. உட்கொள்வதை நிறுத்தின், இவை பெரும்பாலும் வாயில் நிலைப்பதுமில்லை.

எனவே புளோரைட்டுப் பற்பசைகொண்டு நாளிருமுறை பல் துலக்குவதற்கு இது துணையேயன்றி மாற்றன்று. பனங்கட்டியையும் உணவு வேளையோடு நிறுத்துதல் வேண்டும். இடையிடையே கடிப்பதுதான் பல்லுக்குப் பெருங்கேடு.