சடையில் தங்கும் சீயக்காய்

காயல்பட்டினம், ஆறுமுகநேரி, திருச்செந்தூர் பக்கத்திலிருந்து என்னிடம் சிகிச்சைக்கு வரும் இளைஞர்களில் முடியைத் திரித்துச் சடையாக விட்டவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். ஹாங்காங்கிலும் கொழும்பிலும் வியாபாரம் பார்த்துவிட்டு விடுமுறைக்கு ஊர் வந்தவர்களும் அதில் உண்டு. சடை அவரவர் விருப்பம். என் புகார் அதை அலசும் விதத்தில்தான். ஷாம்பு 'கெமிக்கல்' என்று ஒதுக்கி, வீடியோவில் பார்த்ததையெல்லாம் தலையில் கொட்டுகிறார்கள். மாதக்கணக்கில் சொறிந்து, சீழ் வைத்த பிறகு வருகிறார்கள்.

இயற்கை என்றால் சாதுவா?

முதல் குற்றவாளி ஆப்பசோடா. தலைத்தோலின் பி.எச். சுமார் 5.5, லேசான அமிலம். ஆப்பசோடா கரைசல் 8-ஐத் தாண்டிய காரம். தொடர்ந்து ஊற்றினால் தோல் வறண்டு வெடிக்கும், முடி சொரசொரத்து ஒடியும். அதைச் 'சரிக்கட்ட' அடுத்து எலுமிச்சைச் சாறு, அதன் பி.எச். 2-க்குப் பக்கம். சொறிந்து புண்ணான தலையில் அது எரியாமல் என்ன செய்யும்? சாறு பட்ட தோலோடு வெயிலில் நின்றால் கொப்புளமும் கறுப்புத் தழும்பும் வரும்.

சீயக்காயும் பூந்திக்கொட்டையும் அழுக்கை எடுப்பது சப்போனின் என்ற நுரைப்பொருளால், அதுவும் ரசாயனம்தான். கண்ணில் பட்டால் கருவிழியைப் புண்ணாக்கும். ஆனாலும் குளியல் சோப்பைவிட இவை மேல். கடலோரத்துப் போர் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிந்து, சடைக்குள் வெள்ளைக் கசடாக ஒட்டிக்கொள்ளும். சப்போனின் அப்படித் திரியாது.

பொடி போனால் வராது

வாரிய தலையில் சீயக்காய்ப் பொடியும் கடலைமாவும் அலசும்போதும் சீப்பிலும் போய்விடும். சடைக்குள் புகுந்த பொடி எங்கே போகும்? முட்டை, தயிர், வெந்தய விழுது எல்லாம் உள்ளேயே ஈரத்தோடு கிடந்து நாறும்.

'பொடுகு வறட்சியால் வருகிறது, எண்ணெய் வை' என்று பக்கத்து வீட்டு ராத்தா சொல்லியிருப்பார். பொடுகோடு தொடர்புடைய மலசீசியா என்ற பூஞ்சைக்கு எண்ணெய்ப் பசைதான் சாப்பாடு. பேனுக்கு மண்ணெண்ணெய் தேய்ப்பதைப் பற்றி இனியும் எப்படிச் சொல்வது? தோல் வெந்துபோகும், பக்கத்தில் அடுப்பு இருந்தால் தலையே பற்றிக்கொள்ளும்.

கடல் குளியல் தலைப்புண்ணை ஆற்றும் என்பதும் தவறு. காய்ந்த உப்பு அரிப்பைத்தான் கூட்டும். திருச்செந்தூரில் கடலாடியவர்கள் நாழிக்கிணற்றில் மறுபடி குளிப்பது வழக்கம். உப்பைப் போக்கும் அந்த வழக்கத்தை மற்ற நாட்களில் ஏன் விடுகிறீர்கள்?

தானாக விழுந்த சடை

வயதான பெண்கள் சிலருக்குச் சடை தானாக விழுகிறது. 'வெட்டினால் சாமி குத்தம், ரத்தம் வரும்' என்று வீட்டார் தொடவிடுவதில்லை. வாராமல் விட்ட முடி, எண்ணெய்ப் பிசுக்கு, பேன் இவை சேர்ந்த சிக்கு அது. முடிக்கு ரத்தமும் இல்லை, வலியும் இல்லை. போலந்திலும் ஒருகாலத்தில் இதே பயம் இருந்தது. வெட்டினால் பார்வை போகும், புத்தி பேதலிக்கும் என்றார்கள். 19-ஆம் நூற்றாண்டில் கிராக்கோ நகரின் யூசெஃப் தீட்டல் என்ற மருத்துவர் அதை எதிர்த்துப் போராடினார். நரேந்திர தாபோல்கர் 1989-இல் தொடங்கிய மகாராஷ்டிர மூடநம்பிக்கை ஒழிப்புக் குழுவினர் இன்றும் பெண்களிடம் பேசிப் புரியவைத்துச் சடையை அகற்றுகிறார்கள். சிக்குக்கு அடியில் ஆறாத புண்ணோ, கவனிக்காமல் விட்ட மனநோயோ இருக்கலாம். பார்க்க வேண்டியது அதைத்தான்.

உடனே வரவேண்டியவர்கள்

சீழ், பிடரியில் நெறிகட்டுதல், வட்டவட்டமாக முடி கொட்டுதல், குழந்தையின் தலையில் செதில். குழந்தைக்கு அது படர்தாமரையாக இருந்தால் மாத்திரை இல்லாமல் தீராது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு நோயை மறைத்து வளர்க்கும். செதிலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுதான் பரிசோதனை.

கெஞ்சிக் கேட்கிறேன்

வீட்டுப் பொருள்தான் வேண்டுமென்றால் பூந்திக்கொட்டையை வேகவைத்து, துணியில் வடிகட்டி, தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். கடைசி அலசலுக்காவது உப்பில்லாத நல்ல தண்ணீர் வையுங்கள். சடையைப் பிழிந்து, அடிவரை காய்ந்த பிறகே கட்டுங்கள். பெண்களே, ஈரத்தலையோடு முக்காடு போடாதீர்கள். தம்பிமாரே, ஈரச்சடையோடு தொப்பியும் ஹெல்மெட்டும் வேண்டாம். இரவில் தலைக்கு ஊற்றிவிட்டு அப்படியே படுக்காதீர்கள். வேரை இழுத்து இறுக்கிக் கட்டாதீர்கள். வருடக்கணக்கில் இழுபட்ட இடத்தில் முடி திரும்ப முளைக்காமல் போகலாம். பொடுகு இருந்தால் கீட்டோகோனசோல் ஷாம்பு போடச் சொல்வோம். தயவுசெய்து அதை 'கெமிக்கல்' என்று தள்ளாதீர்கள்.

அரிப்பு இரண்டு வாரம் தாண்டினால் வந்துவிடுங்கள். சடையை வெட்டச் சொல்வேன் என்று பயந்து தள்ளிப்போடுகிறார்கள். சீக்கிரம் வருகிறவருக்குப் பெரும்பாலும் மருந்து போதும். தாமதித்து வருகிறவருக்குத்தான் கத்தரிக்கோலை எடுக்க வேண்டியிருக்கிறது.