ஃபேன் ஓடாத ஊரில் ஒலிப்பதிவு

மதுரையிலோ திண்டுக்கல்லிலோ வீட்டில் குரல் பதிவு செய்ய உட்கார்ந்தால் முதல் வேலை ஃபேனை நிறுத்துவது. இரண்டு பாட்டு முடிவதற்குள் பாடுகிறவருக்கு வியர்த்துக் கொட்டும். தெருவில் ஆட்டோ போகும், பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடும். சுமார் 1,300 மீட்டர் உயரத்தில், பழனி மலையில் காபிக்கும் மிளகுக்கும் நடுவே இருக்கும் தாண்டிக்குடியில் இந்தத் தொல்லை குறைவு. இரவில் அங்கே ஒரு சாதாரண அறைக்குள் கிடைக்கும் அமைதியைச் சென்னையில் பணம் கொட்டித்தான் உண்டாக்க வேண்டும்.

அந்த அமைதிதான் கருவி வாங்குவதில் கவனத்தையும் கேட்கிறது. பட்டணத்து அறையின் இரைச்சலுக்கு அடியில் மலிவான கருவியின் சொந்த இரைச்சல் மறைந்துபோகும். மலையில் அது மறையாது. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர் பக்கம் இருந்துகொண்டு ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்க நினைக்கிறவர் முதலில் பார்க்க வேண்டியது, அந்தப் பெட்டி எவ்வளவு சத்தமில்லாமல் ஒலியைப் பெருக்குகிறது என்பதைத்தான்.

மைக்கிலிருந்து வருவது மிகச் சிறிய மின்சாரம். அதைப் பெருக்கி, எண்களாக மாற்றி, யு.எஸ்.பி. வழியே கணினிக்கு அனுப்புவது இன்டர்ஃபேஸின் வேலை. கணினியிலிருந்து திரும்பி வருவதை ஒலியாக்கி ஹெட்போனுக்குத் தருவதும் அதுதான். இதில் பெருக்கும் பகுதி, அதாவது ப்ரீஆம்ப், நன்றாக இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு டைனமிக் மைக்கைச் செருகி, ஹெட்போன் மாட்டிக்கொண்டு, யாரும் பேசாதபோது, பெருக்கத்தைக் கூட்டும் கெய்ன் குமிழை மெல்லத் திருப்புங்கள். பாதி வரை ஒன்றும் கேட்காது. முக்கால்வாசிக்கு மேல் ‘ஸ்ஸ்’ என்று ஒரு சீறல் எழும். சில மலிவுப் பெட்டிகளில் கடைசிக் கால்வாசித் திருப்பலில் அது திடீரென்று குபுக்கென்று ஏறும். அந்தக் கால்வாசி பயன்படாத இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேடைகளில் எங்கும் பார்க்கும் ஷூர் எஸ்.எம். 58 போன்ற டைனமிக் மைக்குக்கு நிறையப் பெருக்கம் தேவை. வாயருகே வைத்துப் பாடினால் பிரச்சினை இல்லை. ஒரு அடி தள்ளி உட்கார்ந்து மெல்லப் பேசினால் 60 டெசிபல் வரை பெருக்கம் கேட்கும். ஆடியோ டெக்னிகா ஏ.டி. 2020 போன்ற கண்டென்ஸர் மைக், அதே குரலுக்கு ஏழு மடங்குக்கு மேல் மின்னழுத்தம் தரும். அதனால் ப்ரீஆம்ப் சுமாராக இருந்தாலும் சமாளித்துவிடும். அதற்கு 48 வோல்ட் ‘பாண்டம் பவர்’ வேண்டும். இன்டர்ஃபேஸில் அந்தப் பொத்தான் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மைக்குக்கும் சொந்த இரைச்சல் உண்டு: ஏ.டி. 2020இல் 20 டெசிபல், விலை கூடிய ரோட் என்.டி.1இல் 4 டெசிபல். சென்னை அறையில் இந்த வித்தியாசம் தெரியாமலே போகலாம். தாண்டிக்குடியில் தெரியும்.

ஆனால் கண்டென்ஸர் எல்லாவற்றையும் கேட்கும். பொழுது சாய்ந்ததும் தோட்டத்தில் சில்வண்டு கத்தத் தொடங்கினால் அதுவும் பாட்டோடு சேர்ந்து பதிவாகும். ஐப்பசி, கார்த்திகை மழை தகரக் கூரையில் இறங்கினால் எந்த மைக்காலும் ஒன்றும் செய்ய முடியாது. அன்றைக்கு வேலையைத் தள்ளிப் போட வேண்டியதுதான்.

அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் ‘192 கிலோஹெர்ட்ஸ்’ என்ற எண்ணுக்காக, அதாவது நொடிக்கு எத்தனை ஆயிரம் முறை ஒலியை அளக்கிறது என்ற கணக்குக்காக, ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். கொடைக்கானல் மலையிலிருந்து 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பாகும் கோடை பண்பலையைத் தென்மாவட்டங்கள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகின்றன. பண்பலை ஒலிபரப்பு 15 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியைத்தான் சுமக்கிறது. அதில் கேட்ட பாட்டு யாருக்கும் குறைப்பட்டதாகத் தோன்றவில்லை. ஒலியைப் பிடிக்க அதன் உச்ச அலைவெண்ணைப்போல் இரண்டு மடங்குக்குச் சற்று மேல் அளந்தால் போதும் என்பதால், 48 கிலோஹெர்ட்ஸில், 24 பிட்டில் பதிவு செய்தால் வீட்டு வேலைக்குத் தாராளம். ஒற்றை மைக்கில் ஒரு மணி நேரப் பதிவு அப்போது சுமார் 520 எம்.பி. வரும், 192இல் அது நான்கு மடங்கு. காதுக்கு லாபம் இல்லை, ஹார்ட் டிஸ்குக்குத்தான் சுமை.

மிகக் குறைந்த விலையில் எம்-ஆடியோ எம்-டிராக் சோலோவும் பெரிங்கர் யு.எம்.சி. 22உம் கிடைக்கின்றன. பேச்சுக்கும் பழகுவதற்கும் போதும். எம்-டிராக் சோலோ 16 பிட்டோடு நின்றுவிடும். யு.எம்.சி. 22க்கு விண்டோஸில் தாமதத்தைக் குறைக்கும் சொந்த ஆசியோ டிரைவர் இல்லாததால் பொது டிரைவரை நம்ப வேண்டும். பாடும் குரல் கணினிக்குள் போய்த் திரும்பிக் காதுக்கு வரும் தாமதத்தைக் குறைப்பது அங்கே பெரும் பாடு. கொஞ்சம் மேலே போனால் யு.எம்.சி. 202எச்.டி.; அதற்குச் சொந்த டிரைவர் உண்டு. 2023இல் வந்த நான்காம் தலைமுறை ஸ்கார்லெட் இன்டர்ஃபேஸ்களில் சோலோவின் மைக் பெருக்கம் 57 டெசிபல், 2ஐ2வுக்கு 69. இந்த வித்தியாசத்துக்குப் பணம் கொடுப்பது நியாயம். என்னைக் கேட்டால், டைனமிக் மைக் வைத்திருப்பவர் ஸ்கார்லெட் சோலோ வாங்குவதைவிட நாலு மாதம் பொறுத்து 2ஐ2 வாங்கலாம். கண்டென்ஸர் இருந்தால் அந்தச் சோலோவோ ஆடியன்ட் ஈவோ 4 பெட்டியோ போதும்.

பாட்டுக் கேட்பதற்கு மட்டும் என்றால் இன்டர்ஃபேஸே வேண்டாம். போனில் செருகும் சின்ன யு.எஸ்.பி.-சி டாங்கிள், சாதாரண 32 ஓம் ஹெட்போனைச் சுத்தமாக ஓட்டும். பதிவு, கேட்பது இரண்டுக்கும் ஒரே பெட்டி வேண்டுமென்றால் ஹெட்போன் முனையையும் விசாரியுங்கள். அதன் வெளியீட்டுத் தடை, ஹெட்போனின் தடையில் எட்டில் ஒரு பங்குக்குள் இருப்பது நல்லது. 32 ஓமுக்கு 4 ஓம். அதற்கு மேல் போனால் சில இயர்போன்களில் பாட்டின் நிறமே மாறும். சென்ஹைசர் எச்.டி. 600 போன்ற 300 ஓம் ஹெட்போனுக்கு மலிவுப் பெட்டிகளில் சத்தம் பத்தாது. அந்த வகை ஹெட்போனில் பிரியம் உள்ளவர்கள் மோட்டு எம்2வைக் கேட்டுப் பார்க்கலாம். பாடும்போது மூடிய வகை ஹெட்போன் போடுங்கள். திறந்த வகையிலிருந்து கசியும் தாளம் மைக்கில் ஏறிவிடும்.

மழைக்காலத்தில் மூடுபனி ஜன்னல் வழியே அறைக்குள்ளேயே வந்துவிடும் ஊர் இது. ஈரம் ஏறிய கண்டென்ஸர் மைக் படபடவென்று பொரியும். காபிக் கொட்டையை ஈரம் பார்த்து மூட்டை கட்டுகிறவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை: சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் ஆயிற்று. இடி மின்னல் என்றால் எல்லா ஒயரையும் உருவிவிடுங்கள். பதிவில் ‘உம்ம்’ என்ற முனகல் கேட்டால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், பெரும்பாலும் போய்விடும்.

வீட்டிலேயே பதிவு செய்வது புதிதல்ல. ஏ.ஆர். ரஹ்மான் கோடம்பாக்கத்து வீட்டில் பஞ்சதன் ரெக்கார்ட் இன் ஸ்டுடியோவை அமைத்தார். 1992இல் வந்த ‘ரோஜா’ படத்தின் இசை அங்கே உருவானது. அன்று அதற்குப் பெரிய முதலீடு வேண்டியிருந்தது. இன்று மைக், பெட்டி, ஹெட்போன் மூன்றும் சேர்ந்து ஒரு நல்ல செல்போன் விலைக்குள் முடிந்துவிடும். பழனி மலையில் இதற்கு வேலையும் காத்திருக்கிறது. காவடிப் பாட்டு, தோட்டத்துப் பெண்களின் கும்மி, தாலாட்டு, ஒப்பாரி, பளியர் பழங்குடி மக்களின் பாட்டுகள் என்று எழுத்தில் ஏறாதவை ஏராளம். அவற்றைப் பாடத் தெரிந்த பலருக்கு வயதாகிவிட்டது, குரலும் மெலிந்துவிட்டது. மெலிந்த குரலுக்குத்தான் சத்தமில்லாத ப்ரீஆம்ப் வேண்டும் என்று இவ்வளவு நேரம் வற்புறுத்தியது.

பதிவுக்கு முன் பாடுகிறவரிடம் அனுமதி கேளுங்கள், எங்கே போடப்போகிறோம் என்பதையும் சொல்லுங்கள். ஒலியின் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் கெய்னை வையுங்கள். பதிவின் தொடக்கத்திலேயே பெயர், ஊர், தேதி மூன்றையும் அவர் வாயாலேயே சொல்லவைத்து, ஒரு பிரதியை அன்றைக்கே அவர் வீட்டுப் போனில் ஏற்றிக் கொடுத்துவிடுங்கள்.