ஏர் இன்டேக் மாற்றினால் பிக்கப் கூடுமா?

ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். இன்ஜினுக்குள் எவ்வளவு காற்று போகிறதோ அந்த அளவுக்குத்தான் பெட்ரோலை எரிக்க முடியும். எரிவதைப் பொறுத்தே சக்தி. வெளிச்சந்தையில் கிடைக்கும் ஏர் இன்டேக் கிட்டுகளின் வியாபாரம் முழுவதும் இந்த உண்மையின் மேல்தான் நடக்கிறது. கம்பெனி பொருத்திய கறுப்பு பிளாஸ்டிக் டப்பாவையும் காகித ஃபில்டரையும் கழற்றிவிட்டு, அகலமான அலுமினியக் குழாயையும் எண்ணெய் தடவிய பருத்தித் துணிக் கூம்பு ஃபில்டரையும் மாட்டினால் காற்று தாராளமாகப் போகும், பிக்கப் கூடும் என்கிறார்கள். காற்று கூடினால் சக்தி கூடும் என்பதில் தகராறு இல்லை. காற்றை மறித்துக்கொண்டிருப்பது அந்த டப்பாதானா என்பதே கேள்வி.

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் கிரெட்டாவின், டர்போ இல்லாத 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜினை எடுத்துக்கொள்ளலாம். 1,497 சிசி, 6,300 ஆர்பிஎம்மில் 115 பிஎஸ். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவுக்குக் காற்றை இழுக்கும். அந்தக் கணக்கில் 6,300 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்குச் சுமார் 4,700 லிட்டர். குழாயும் டப்பாவும் ஃபில்டரும் சேர்ந்து அப்போது 2 கிலோபாஸ்கல் அழுத்தத்தைத் தின்றுவிடுகின்றன என்று வைத்துக்கொண்டால், கடல்மட்டக் காற்றழுத்தமான 101 கிலோபாஸ்கலில் அது 2 சதவீதம். தடையை அடியோடு நீக்கினாலும் கிடைப்பது 2 பிஎஸ் சொச்சம்தான். எந்த ஃபில்டராலும் தடையை அடியோடு நீக்க முடியாது என்பது வேறு விஷயம்.

அந்த 2 பிஎஸ்ஸும் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து இன்ஜினை உச்சத்துக்கு விரட்டும்போது மட்டுமே. காற்றோட்டம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தால் குழாயின் தடை சுமார் ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு, காய்கறி வாங்கித் திரும்பும் வண்டி பெரும்பாலும் 2,000 ஆர்பிஎம்மைச் சுற்றியே ஓடுகிறது. அப்போது காற்றை மறிப்பது திராட்டில் வால்வு. அதைப் பெருமளவு மூடி வைத்திருப்பது ஓட்டுபவரின் கால். இன்னும் கொஞ்சம் சக்தி வேண்டுமென்றால் காலை இன்னும் கொஞ்சம் அழுத்தினால் போதும். அதற்குக் கிட் தேவையில்லை.

டர்போ வண்டியில் கதை வேறு. டர்போ பெட்ரோல் இன்ஜினில் எவ்வளவு அழுத்தத்தில் காற்று வேண்டும் என்பதை இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு முடிவு செய்கிறது; ஃபில்டர் சற்று இறுக்கமாக இருந்தால் டர்போ சற்றுக் கூடுதலாகச் சுழன்று அந்த அளவை எட்டிவிடும். ஃபில்டரைத் தளர்த்தினால் டர்போவின் வேலை குறையும், ஆனால் இசியு வைத்த இலக்கு மாறாது. டீசலில் இன்னும் தெளிவு. டீசல் இன்ஜின் எப்போதுமே தேவைக்கு மேல் காற்றை வாங்கித்தான் ஓடுகிறது. அதன் சக்தியைத் தீர்மானிப்பது பீய்ச்சப்படும் டீசலின் அளவு. அதை மாற்ற வேண்டுமானால் இசியுவை ரீமேப் செய்ய வேண்டும்.

காற்றின் அளவைவிட அதன் சூட்டைத்தான் கவனிக்க வேண்டும், கிட் வாங்குவோர் பலர் கோட்டைவிடும் இடமும் இதுவே. சூடான காற்று விரியும். அதே லிட்டரில் எடை குறையும். வெளியே 35 டிகிரி, சிக்னலில் நிற்கும் வண்டியின் பானட்டுக்குள் 65 டிகிரி என்றால், உள்ளே இருக்கும் காற்றின் அடர்த்தி வெளிக்காற்றைவிட ஏறக்குறைய 9 சதவீதம் குறைவு. கம்பெனி டப்பாவின் வாய் பெரும்பாலான வண்டிகளில் முன் கிரில்லுக்குப் பின்னாலோ ஃபெண்டரின் உள்ளேயோ, ரேடியேட்டரின் சூடு படாத இடத்தில் இருக்கும். அதாவது கோல்ட் ஏர் இன்டேக் வண்டியோடு சேர்ந்தேதான் வருகிறது. அதை எடுத்துவிட்டு இன்ஜினுக்குப் பக்கத்தில் திறந்த கூம்பை வைப்பவர், 2 சதவீதத்தைத் தேடிப்போய் அதைவிடப் பெரியதை இழக்கிறார். வண்டி ஓடத் தொடங்கியதும் இந்த இழப்பு குறையும். நகர நெரிசலில் குறையாது. வெப்பத் தடுப்புத் தகடும் மூடிய பெட்டியும் உள்ள கிட்டுகள் இந்த விஷயத்தில் மேல்.

எதிர்க்காற்று தானாகவே உள்ளே திணியும் என்றும் சொல்வதுண்டு. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அந்த அழுத்தம் 0.46 கிலோபாஸ்கல், வளிமண்டல அழுத்தத்தில் அரை சதவீதம்கூட இல்லை.

விளம்பரங்களில் வரும், இன்ஜின் சக்தியை அளக்கும் டைனோ கருவியின் வரைபடங்களைச் சற்றுச் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது. பானட்டைத் திறந்து வைத்து, எதிரே பெரிய மின்விசிறியை ஓடவிட்டுத்தான் பெரும்பாலும் சோதிக்கிறார்கள். திறந்த கூம்புக்கு அதைவிடத் தோதான சூழல் கிடையாது. ஒரே வண்டியை மாற்றம் எதுவும் செய்யாமல் அடுத்தடுத்து ஓட்டினாலே ஓரிரு சதவீத வித்தியாசம் வரும். கிட் தருவதாகச் சொல்லும் ஆதாயமும் பல நேரம் அந்த அளவுதான்.

பிறகு மாட்டியவர்கள் வண்டி சீறுகிறது என்கிறார்களே? சீறுவது உண்மை. கம்பெனி டப்பாவும் அதன் பக்கத்தில் ஒட்டியிருக்கும் வெற்று அறைகளும் இன்ஜின் காற்றை உறிஞ்சும் ஒலியை அடக்குவதற்காக வைக்கப்பட்டவை. அவை போனதும் அந்த உறுமல் கேபினுக்குள் வருகிறது. காது வேகம் என்கிறது, கடிகாரம் ஒப்புக்கொள்வதில்லை. அந்த ஒலியே பிடித்திருக்கிறது என்பவருக்குக் கொடுத்த பணம் வீணில்லை.

மற்றபடி விலை வேறு வழிகளில் வரும். நல்ல காகித ஃபில்டர் 99 சதவீதத்துக்கு மேல் தூசியைப் பிடித்துவிடும். தடையைக் குறைக்க இழைகளைத் தளர்த்தினால் நுண்தூசி நழுவ வாய்ப்பு அதிகம்; உள்ளே போகும் மணல்துகள் பிஸ்டன் வளையங்களையும் சிலிண்டர் சுவரையும் தேய்க்கும். துணி ஃபில்டரைக் கழுவி எண்ணெயைக் கூடுதலாகத் தடவினால், காற்றை அளக்கும் எம்ஏஎஃப் சென்சாரின் மெல்லிய சூட்டுக் கம்பியில் எண்ணெய் படிந்து கணக்கு பிசகும். குளிர்காற்றுக்காகக் குழாயைப் பம்பர் வரை இறக்கும் கிட்டுகளில் இன்னொரு ஆபத்து: தேங்கிய மழைநீர். தண்ணீரைச் சிலிண்டரில் அமுக்க முடியாது; உள்ளே போனால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த சென்னைக்காரர்களுக்கு இதன் செலவை விளக்க வேண்டியதில்லை.

ரீமேப், பெரிய டர்போ, மாற்றிய எக்ஸாஸ்ட் என்று சக்தியை வெகுவாக ஏற்றிய வண்டியில் பழைய டப்பா உண்மையிலேயே தொண்டையை நெரிக்கும். அங்கே நல்ல இன்டேக் அவசியம்.

கம்பெனி அமைப்பிலேயே ஓடும் குடும்ப வண்டிக்கு உருப்படியான செலவு, நேரத்துக்கு மாற்றும் காகித ஃபில்டர். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் வெளியிட்ட ஆய்வில், அடைத்துப்போன ஃபில்டரால் நவீன பெட்ரோல் கார்களின் மைலேஜ் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. வேகமெடுக்கும் திறன்தான் அடிபட்டது. புது ஃபில்டர் போட்டதும் வேகமெடுக்கும் நேரம் 6 முதல் 11 சதவீதம் வரை மேம்பட்டது. சர்வீஸில் ஃபில்டரைக் கழற்றி ஏர் அடித்துத் திரும்பப் போடுவது இதற்கு ஈடாகாது. அழுத்தக் காற்று மெல்லிய காகித இழையைக் கிழித்துவிடக்கூடும், கிழிசல் கண்ணுக்கும் தெரியாது.