வழிகாட்டிக் கருவி வாங்குவோர்க்கு

பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படை வகையைச் சேர்ந்தவை என்பதை வகுப்பில் படித்திருப்பீர்கள். வள்ளலிடம் பரிசு பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிரே வரும் மற்றொருவனுக்கு வழி சொல்லுவது அவ்வகைப் பாட்டுகளிற் பெரும்பாலானவற்றின் அமைப்பு. அங்கே வழி சொல்லுபவன் அவ்வழியில் தானே நடந்து மீண்டவன். காடு எங்கே, சோறு கிடைக்கும் ஊர் எங்கே என்பதெல்லாம் அவன் கால்கள் அறிந்த செய்தி. இன்று காரின் முகப்பில் அமர்ந்து, ‘இடப்புறம் திரும்புக’ என்று சொல்லுகின்ற கருவி எந்த வழியிலும் நடந்ததில்லை. பிறர் நடந்து குறித்து வைத்ததையே அது நமக்குச் சொல்லுகிறது. அவர்கள் எப்போது குறித்தார்கள், எவ்வளவு கவனமாகக் குறித்தார்கள் என்பவற்றைப் பொறுத்ததே அதன் சொல்லுக்குள்ள மதிப்பு.

சென்ற ஆண்டு, என்னிடம் பயின்ற ஒருவர் கார் வாங்கினார். மணலித் தொழிற்சாலைகளுக்கும் எண்ணூர்த் துறைமுகத்துக்கும் நாள்தோறும் சென்று வரவேண்டிய வேலை அவருக்கு. இடையே ஆறு மாதம் ஜெர்மனியிலும் பணியாற்ற வேண்டியிருந்தது. “ஐயா, இங்கும் அங்கும் உதவக்கூடிய வழிகாட்டிக் கருவி எது என்று சொல்லுங்கள்” என்று கேட்டார். அவர் கேட்டது ஒரு பெயரை. பெயரைச் சொல்லுவது எளிது. ஆனால் அடுத்த ஆண்டே வேறு பெயர் கடைக்கு வந்துவிடும். தேர்ந்தெடுக்கும் முறையை அறிந்துகொண்டால் அது எந்த ஆண்டிலும் பயன்படும். ஆகவே அவருக்கு முறையைச் சொன்னேன். அதையே உங்களுக்கும் சொல்லுகிறேன்.

இக்கருவி இரண்டு வினாக்களுக்கு விடை தரவேண்டும். ‘நான் எங்கே இருக்கிறேன்?’ என்பது முதல் வினா. ‘நான் செல்ல வேண்டிய வழி எது?’ என்பது இரண்டாம் வினா. முதல் வினாவுக்கு விடை வானத்திலிருந்து வருகிறது. இரண்டாம் வினாவுக்கு விடை மனிதர் வரைந்த படத்திலிருந்து வருகிறது. வாங்குவோரிற் பலர் முதல் விடையைக் கண்டு வியந்து, இரண்டாம் விடையைச் சோதிக்க மறந்துவிடுகின்றனர்.

முதலில் வானத்தைப் பார்ப்போம். அமெரிக்காவின் ஜி.பி.எஸ். அமைப்பைச் சேர்ந்த செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் உலகைச் சுற்றுகின்றன. ஒவ்வொரு கோளிலும் அணுக்கடிகாரம் உண்டு. ‘இப்போது என் நேரம் இது, என் இடம் இது’ என்று அக்கோள் ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்கிறது. அச்செய்தி ஒளியின் வேகத்தில் வந்து நம்மை அடைய, ஒரு விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் ஆகும். அந்த நேரத்தைக் கொண்டு கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது. நம் இடத்தை அறிய மூன்று கோள்களின் தூரம் போதும். ஆயினும் கருவியிலுள்ள மலிவான கடிகாரத்தின் பிழையை நீக்க நான்காவது கோளும் வேண்டும். நேரத்தில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு விநாடி பிழைத்தால் தூரத்தில் 300 மீட்டர் பிழைத்துப்போகும். கடிகாரத்துக்கு இத்துணை மதிப்பு ஏன் என்பது இதனால் விளங்கும்.

இராணுவத்துக்கென ஏற்பட்ட அமைப்பு இது. பொதுமக்களுக்குக் கிடைத்த செய்தியில் 2000ஆம் ஆண்டு மே மாதம் வரை வேண்டுமென்றே பிழை கலக்கப்பட்டிருந்தது. அது நீக்கப்பட்ட பிறகே கார்களில் இக்கருவி பரவலாயிற்று. இன்று திறந்த வெளியில் நம் கைப்பேசியே ஏறத்தாழ 5 மீட்டருக்குள் இடம் காட்டிவிடுகிறது. இதற்குக் கட்டணம் இல்லை. கைப்பேசி இணைப்பு அறுந்தாலும் கோளின் செய்தி வந்துகொண்டுதான் இருக்கும். அறுவது படத்தின் வரத்துதான். இந்த வேறுபாட்டை மனத்திற் பதித்துக்கொள்ளுங்கள்.

இனிப் படத்துக்கு வருவோம். நம் நாட்டுப் படங்களின் வரலாற்றில் சென்னைக்குத் தனியிடம் உண்டு. 1802ஆம் ஆண்டு ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்பவர் பரங்கிமலையை அடுத்த சமவெளியில் ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள ஒரு கோட்டைச் சங்கிலி கொண்டு அளக்கத் தொடங்கினார். இந்தியா முழுவதையும் முக்கோணங்களாகப் பகுத்து அளந்த பெரும்பணிக்கு அக்கோடே அடிப்படை. அவர் பயன்படுத்திய கோணமானி அரை டன் எடையுள்ளது. 1808ஆம் ஆண்டு தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் அதனை ஏற்றியபோது அது மோதிப் பழுதடைந்தது. அதைத் தம் கையாலேயே செப்பனிட்ட பிறகுதான் லாம்டன் பணியைத் தொடர்ந்தார். படத்தில் ஒரு புள்ளியை வைப்பதற்கு இவ்வளவு பாடு.

இன்று அதே பரங்கிமலைக்கு அருகில் கத்திப்பாரா மேம்பாலம் இருக்கிறது. அங்கே நம் கார் மேலே செல்லுகிறதா, கீழே செல்லுகிறதா என்பதைக் கோளின் செய்தியை மட்டும் கொண்டு கருவி எளிதிற் பிரித்தறிய இயலாது. மேற்சாலையும் கீழ்ச்சாலையும் படத்தில் செவ்வையாகப் பிரித்துக் குறிக்கப்பட்டிருந்தால்தான் அதனால் ஊகிக்க முடியும்.

படம் பிழைத்தால் என்ன நேரும்? 2024ஆம் ஆண்டு நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில் பரேலி மாவட்டத்தில் ராம்கங்கை ஆற்றின் பாலத்திலிருந்து ஒரு கார் கீழே விழுந்து மூவர் மாண்டனர். அப்பாலத்தின் ஒரு பகுதியை முன்னர் வந்த வெள்ளம் கொண்டு போயிருந்தது. அவர்கள் வழிகாட்டும் செயலியைப் பின்பற்றிச் சென்றார்கள் என்று செய்திகள் கூறின. கோள் அங்கே பிழை செய்யவில்லை. காரின் இடத்தை அது சரியாகவே காட்டியிருக்கும். படத்தில் பாலம் இருந்தது. ஆற்றின் மேல் பாலம் இல்லை. சாலையை மறித்துத் தடுப்பு வைக்க வேண்டியவர்களும் வைக்கவில்லை. படமும் தடுப்பும் ஒருங்கே தவறிய இடத்தில் மூன்று உயிர்கள் போயின.

ஆதலின், ஆசிரியன் மாணவனைச் சோதிப்பதுபோல் கருவியைச் சோதிக்க வேண்டும். விடை தெரிந்த வினாக்களையே அதனிடம் கேட்க வேண்டும். நான் என் மாணவருக்கு மூன்று சோதனைகளைச் சொன்னேன்.

முதற் சோதனை பெயர். நான் வாழும் மாத்தூர், மணலிக்கும் மாதவரத்துக்கும் அருகில் உள்ளது. திருச்சி–புதுக்கோட்டைச் சாலையில் ஒரு மாத்தூர் உண்டு. ஒரகடத்தின் அருகே ஒன்று உண்டு. தொட்டிப்பாலத்தால் பெயர்பெற்ற மாத்தூர் குமரி மாவட்டத்தில் உண்டு. போதாக்குறைக்கு, எங்கள் மாத்தூரிலும் எம்.எம்.டி.ஏ. குடியிருப்பு இருக்கிறது, அரும்பாக்கத்திலும் எம்.எம்.டி.ஏ. காலனி இருக்கிறது. நல்ல கருவி, ‘எந்த மாத்தூர்?’ என்று நம்மைக் கேட்கும். கேளாமலே புறப்படச் சொல்லும் கருவி ஆகாது. பெயர் குழப்பும் இடத்தில் எண் உதவும். எங்கள் ஊர் ஏறத்தாழ 13 பாகை 10 கலை வடக்கிலும், 80 பாகை 15 கலை கிழக்கிலும் உள்ளது. குறுக்குக்கோட்டில் ஒரு கலை என்பது 1.85 கிலோமீட்டர். அஞ்சல் துறை 2025ஆம் ஆண்டு வெளியிட்ட டிஜிபின் என்னும் முறையில், நாட்டின் ஒவ்வொரு நான்கு மீட்டர்ச் சதுரத்துக்கும் பத்து எழுத்தும் எண்ணும் கொண்ட குறியீடு உண்டு. இவற்றை ஏற்றுக்கொள்ளும் கருவியா என்று பாருங்கள்.

இரண்டாம் சோதனை புதுமை. உங்கள் ஊரில் அண்மையில் திறந்த ஒரு சாலையையும் அண்மையில் மூடிய ஒரு சாலையையும் கேட்டுப் பாருங்கள். படம் எத்தனை மாதம் பழையது என்பது அப்போதே தெரிந்துவிடும்.

மூன்றாம் சோதனை வண்டிக்கேற்ற அறிவு. வடசென்னைச் சாலைகளில் கன்டெய்னர் லாரிகளும் எண்ணெய் டாங்கர்களும் இரவுபகலாக ஓடுகின்றன. காருக்காக அமைந்த படத்துக்கு லாரியின் உயரம் தெரியாது. தாழ்ந்த ரயில் பாலத்தின் அடியில் அதனை அனுப்பிவிடும். காருக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை பல மழைக்காலங்களில் நீர் நிறைந்து மூடப்பட்டதை இப்பகுதி மக்கள் அறிவார்கள். அச்செய்தி உடனுக்குடன் கருவிக்கு எட்டுகிறதா என்று அறிந்துகொள்ள வேண்டும்.

கருவியின் வகைகள் மூன்று. காரிலேயே பொருத்தி வருவது ஒன்று. தனியே வாங்கி வைப்பது ஒன்று. கைப்பேசியில் இயங்கும் செயலி மற்றொன்று. காரோடு வரும் கருவியின் திரை பெரிது. ஆனால் அதன் படம் புதுப்பிக்கப்படாமற் போனால் அழகிய திரையில் பழைய ஊரைப் பார்ப்போம். எத்தனை ஆண்டுக்குப் புதுப்பித்தல் இலவசம் என்பதை வாங்கும்போதே கேளுங்கள். தனிக்கருவி தன்னுள்ளேயே படத்தை வைத்திருக்கும். இணைப்பில்லாத மலைப்பாதையிலும் உதவும். கைப்பேசிச் செயலியின் படம் விரைவில் புதுமை பெறும், போக்குவரத்து நெரிசலையும் சொல்லும், தமிழிலும் பேசும். ஆனால் சித்திரை வெயிலில் கண்ணாடியோரம் வைத்த கைப்பேசி சூடேறித் திரை மங்கிப்போவதும் உண்டு. பெரும்பாலோர்க்குக் கைப்பேசியே போதும். மலையிலும் காட்டிலும் அடிக்கடி ஓட்டுவோர்க்குத் தனிக்கருவி தகும்.

வெளிநாட்டுக்குச் செல்லுவோர் மேலும் நான்கு செய்திகளைக் கருத வேண்டும். அந்நாட்டின் படத்தைப் புறப்படும் முன்பே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். இறங்கியவுடன் இணைப்புக் கிடைக்கும் என்று நம்பலாகாது. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் நம்மைப்போல் இடப்புறமாக ஓட்டுவர். துபாயிலும் ஜெர்மனியிலும் வலப்புறமாக ஓட்டுவர். பிரிட்டனில் இடப்புறம்தான், ஆனால் தூரம் மைலில். எந்தத் தடத்தில் நிற்க வேண்டும் என்பதை முன்கூட்டியே காட்டும் கருவி அங்கே பெருந்துணை. மூன்றாவது, சட்டம். வேகத்தைக் கண்காணிக்கும் கேமரா இருக்கும் இடத்தை முன்னரே சொல்லும் வசதியை ஓட்டுநர் பயன்படுத்துவது ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் குற்றம். இங்கே இயங்கிய அவ்வசதியை அங்கே நிறுத்திவைக்கத் தெரிந்திருக்க வேண்டும். நான்காவது, எல்லா நாட்டிலும் ஒரே படம் செல்லாது. சீனாவில் சட்டப்படி படங்கள் உண்மை இடத்திலிருந்து சில நூறு மீட்டர் வரை விலக்கியே வரையப்படுகின்றன. அந்நாட்டு முறைக்கு இணங்காத கருவியில், சாலையில் ஓடும் கார் ஆற்றில் ஓடுவதுபோலக்கூடத் தோன்றலாம்.

கோள்களைப் பற்றியும் ஒரு சொல். ஜி.பி.எஸ். தவிர, ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவையும் உலகெங்கும் பயன்படுகின்றன. நம் நாட்டின் நாவிக் அமைப்பின் முதற்கோள் 2013ஆம் ஆண்டு ஜூலை 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்றது. எங்கள் பகுதிக்கு வடக்கே, பழவேற்காட்டு ஏரிக்கு அப்பால் உள்ள இடம் அது. நாவிக் இந்தியாவையும் எல்லையைச் சுற்றி 1,500 கிலோமீட்டரையும் நோக்கி அமைந்தது. அதன் கோள்கள் சிலவற்றில் கடிகாரங்கள் பழுதுற்றன. 2023ஆம் ஆண்டு மே மாதம் ஏவிய கோளில் நம் நாட்டிலேயே செய்த அணுக்கடிகாரம் இடம்பெற்றது; 2025ஆம் ஆண்டு ஜனவரியில் ஏவிய அடுத்த கோள் உரிய பாதையை எட்டவில்லை. முயற்சி தொடர்கிறது. நாவிக் நமக்குப் பெருமையே. ஆயினும் ஜெர்மனியில் ஓட்டுவோர்க்கு அது வழி காட்டாது. ஆதலால் பல அமைப்புகளின் செய்தியையும் ஒருங்கே ஏற்கும் கருவியே இங்கும் அங்கும் பொருந்தும்.

எக்கருவியை வாங்கினாலும், இடத்தைக் குறிப்பதை வண்டி புறப்படும் முன்பே முடித்துவிட வேண்டும். வண்டி ஓட்டும்போது கைப்பேசியை வழி அறிவதற்கு மட்டுமே, அதுவும் கவனம் சிதறாத வகையில் பயன்படுத்தலாம் என்று நம் மோட்டார் வாகன விதிகள் 2020ஆம் ஆண்டு அக்டோபர் முதல் கூறுகின்றன. கருவி சொல்லுவதும் கண் காண்பதும் மாறுபட்டால், கண்ணையே நம்ப வேண்டும். ஐயம் எழுந்தால் வண்டியை நிறுத்தி, சாலையோரத் தேநீர்க் கடையில் கேட்பதில் இழிவில்லை. அவர் அவ்வழியை நாள்தோறும் பார்ப்பவர்.

மாணவர்களாகிய உங்களுக்கு இதில் ஒரு கடமையும் உண்டு. இப்படங்களிற் பலவற்றில் பிழையைச் சுட்டித் திருத்தம் அனுப்ப எவர்க்கும் வழி இருக்கிறது. 2004ஆம் ஆண்டு தொடங்கிய ஓபன் ஸ்டிரீட் மேப் என்னும் படம் தன்னார்வலர்களாலேயே வரையப்படுவது. கார் இல்லாதவரும் இப்பணியைச் செய்யலாம். ஒரு விடுமுறை நாளில் உங்கள் தெருவில் நடந்து, அதன் பெயர், அதன் முடிவு, மூடிய சந்து, குறுகிய பாலம் ஆகியவற்றைப் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை இருந்தால் திருத்தி அனுப்புங்கள். நள்ளிரவில் உங்கள் தெருவில் ஒருவர் நெஞ்சுவலியால் துடிக்கும்போது, 108 வண்டியை ஓட்டி வருபவர் ஊருக்குப் புதியவராக இருக்கலாம். அவர் சந்து சந்தாகச் சுற்றுவதும் நேரே வீட்டு வாயிலில் வந்து நிற்பதும் நீங்கள் திருத்திய அந்த ஒரு புள்ளியைப் பொறுத்திருக்கும்.