நாளைக்கு 'சம்பவம்' உறுதி! பிள்ளைகளின் செல்போன் தமிழ் பெற்றோருக்குப் புரிகிறதா?

மும்பை பாண்டுப் மேற்கில், மலைச் சரிவில் ஒரு சால். இரவு மணி பதினொன்று. சார்ஜுக்குப் போட்டிருந்த மகனின் செல்போன் 'டிங்' என்றது. தந்தையின் கண் தற்செயலாக அதன் மேல் விழுந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ் வாசகம். எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"நாளைக்கு சம்பவம் உறுதி. எல்லாரும் காலைல 7 மணிக்கு வந்துடுங்க."

அவ்வளவுதான். தூக்கம் போய்விட்டது.

அவர் நெல்லைச் சீமையில் இருந்து பிழைக்க வந்தவர். ஒரு கம்பெனியில் கிளார்க். தினமும் லோக்கல் ரெயிலில் நின்றுகொண்டே தமிழ்ப் பத்திரிகை படிப்பவர். பத்திரிகையில் 'சம்பவம்' என்றால் என்ன பொருள்? "சம்பவ இடத்துக்குப் போலீசார் விரைந்தனர்." வெட்டு, குத்து, விபத்து, கொள்ளை. ரவுடிகள் பேச்சிலோ அது கொலைக்கே மறுபெயர். தன் மகன் எந்தக் கூட்டத்தில் போய்ச் சேர்ந்தானோ என்று விடிய விடிய விழித்திருந்தார்.

காலை ஆறரை மணிக்கு மகன் செருப்பை மாட்டினான். தந்தை வாசலை மறித்து நின்றார். விஷயத்தைக் கேட்டதும் மகன் முதலில் திருதிரு என்று விழித்தான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான்.

"அப்பா, கிரிக்கெட் மேட்ச்சுப்பா! போன வாரம் நம்மளைத் தோக்கடிச்ச டீம். இன்னைக்கு அவங்களைத் தோக்கடிக்கணும். அதுதான் சம்பவம்!"

இது பாண்டுப்பில் மட்டும் நடக்கும் கதை அல்ல. தாராவி, செம்பூர், மாட்டுங்கா என்று தமிழர் வாழும் எந்த வீட்டிலும் நடக்கக்கூடியதே. சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்த ஓர் இரவு தந்தைக்கும் மகனுக்கும் நடுவே எவ்வளவு பெரிய சுவர் இருந்தது!

அகராதியில் இல்லாத பொருள்

இன்றைய பிள்ளைகள் செல்போனில் புழங்கும் சொற்கள் சிலவற்றைத் தெரிந்துகொள்வது பெற்றோருக்கு நல்லது.

'சம்பவம்' என்றால் பெரிய காரியம், பலரும் வாயைப் பிளக்கும்படியான சாதனை. 'உருட்டு' என்றால் கூசாமல் அளக்கும் பொய். 'கலாய்ப்பது' கேலி செய்வது. 'பங்கம்' என்றால் கேலிக்கு ஆளானவர் தலை நிமிர முடியாத நிலை. 'வெச்சு செஞ்சுட்டாங்க' என்றால் ஒருவரை நன்றாக வாட்டி எடுத்துவிட்டார்கள் என்று பொருள். 'வேற லெவல்' உச்சப் பாராட்டு. 'கிரிஞ்ச்' என்றால், பார்ப்பவருக்கே கூச்சம் உண்டாக்கும் அசட்டுத்தனம்.

பெற்றோரை அதிகம் சுடும் சொல் 'பூமர்'. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் குழந்தைப் பிறப்பு பெருகியது. 1946 முதல் 1964 வரை பிறந்த அந்தத் தலைமுறையின் பெயர் அது. 2019 நவம்பரில் நியூசிலாந்து நாடாளுமன்றத்தில் 25 வயது பெண் உறுப்பினர் குளோயி ஸ்வார்பிரிக், குறுக்கிட்ட ஒரு மூத்த உறுப்பினரைப் பார்த்து 'ஓகே பூமர்' என்றார். அது உலகம் முழுவதும் பரவியது. தமிழில் 2024-ல் 'பூமர் அங்கிள்' என்று யோகிபாபு நடித்த படமே வந்துவிட்டது. நம் பிள்ளைகளுக்கு வருடக் கணக்கு ஒன்றும் இல்லை. உபதேசம் செய்தால் முப்பது வயது அண்ணனும் பூமர்தான்!

செத்தேன் என்றால் சிரித்தேன்

சொல்லாவது பரவாயில்லை. படங்கள் இன்னும் குழப்பம். நண்பன் நகைச்சுவையாக ஏதோ அனுப்பினால், பதிலுக்கு ஒரு மண்டை ஓட்டுப் படம் போகிறது. கூடவே 'செத்தேன் டா' என்ற வாசகம். தாய் பார்த்தால் வயிறு கலங்குமா, கலங்காதா? ஆனால் 'சிரித்துச் சிரித்தே செத்தேன்' என்பதுதான் அதன் பொருள்.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. நெல்லைப் பக்கத்துப் பாட்டி பேரனை 'சவத்த மூதி' என்று கொஞ்சலாகத் திட்டுவாள். வேற்றூர்க்காரர் கேட்டால் பதறிப்போவார். அந்த வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் அதில் உள்ள பாசம் தெரியும். மண்டை ஓடும் அப்படித்தான்.

கட்டை விரலை உயர்த்திக் காட்டும் படம் பெரியவர்களுக்கு 'சரி'. இளைஞர் பலருக்கோ 'போதும், பேச்சை முடி' என்ற முகச்சுளிப்பு. இந்தக் கட்டை விரல் கோர்ட்டுக்கே போனது. கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில் ஒரு விவசாயி, ஆளி விதை ஒப்பந்தத்தை அனுப்பியவருக்குப் பதிலாகக் கட்டை விரல் படம் ஒன்றை மட்டும் அனுப்பினார். 'கிடைத்தது என்றுதான் சொன்னேன்' என்பது அவர் வாதம். 'ஒப்புக்கொண்டதாகவே பொருள்' என்று 2023-ல் நீதிபதி தீர்ப்பளித்தார். சுமார் 82 ஆயிரம் கனடா டாலர் கட்ட நேர்ந்தது.

நன்னூலில் இருக்கிறது!

'இந்தக் காலத்துப் பிள்ளைகள் தமிழைக் கெடுக்கிறார்கள்' என்று சலித்துக்கொள்வோர் உண்டு. 13-ம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலைப் புரட்டினால் சமாதானம் கிடைக்கும். ஒரு கூட்டத்தார் பிறர் அறியாதபடி தமக்குள் வழங்கும் சொல்லை 'குழூஉக்குறி' என்று அது பெயர் சூட்டி ஏற்றுக்கொண்டிருக்கிறது. தட்டார் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் உதாரணங்கள். அன்று பட்டறையில் இருந்த வழக்கம் இன்று வாட்ஸ்அப்பில் இருக்கிறது.

பெரியவர்கள் மட்டும் என்ன? 1958-ல் வந்த 'சபாஷ் மீனா'வில் சந்திரபாபு பேசிய மெட்ராஸ் பாஷையை அன்றைய இளவட்டம் ரசித்தது. 'பேஜார்', 'கலீஜ்' எல்லாம் உருதுவில் இருந்து சென்னைக்கு வந்தவை. மும்பைக்கு வந்த தமிழரோ 'ஜக்காஸ்', 'ராடா' என்ற மராத்திச் சொற்களைத் தம் சொற்களாகவே ஆக்கிக்கொண்டார்.

சொல் ஊர் சுற்றும். இன்று ஒருவர் மடக்கிப் பதில் சொன்னால் பிள்ளைகள் 'தக் லைஃப்' என்கிறார்கள். இந்தியில் 'டக்' என்றால் ஏமாற்றுக்காரன். வழிப்பறிக் கூட்டத்தாரைக் குறித்த அந்தச் சொல் ஆங்கிலேயர் காலத்தில் கப்பல் ஏறியது. 1990-களில் அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் டூபாக் ஷகூர் தம் குழுவுக்கே 'தக் லைஃப்' என்று பெயர் வைத்தார். அது சுற்றிச் சுற்றி பாண்டுப் சாலுக்கே திரும்பி வந்திருக்கிறது!

கையில் உள்ள கயிறு

மும்பைத் தமிழ்ப் பெற்றோர் நினைத்துப் பார்க்க வேண்டியது இன்னொன்று. மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளிகள் இன்றும் உண்டு. ஆனாலும் பலர் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கே அனுப்புகிறார்கள். பிழைப்பு அப்படி. பிள்ளை பள்ளியில் ஆங்கிலம், தெருவில் இந்தி, பாடத்தில் மராத்தி படிக்கிறான். தமிழ் எழுத்து தெரியாது. அப்படிப்பட்டவன் நள்ளிரவில் யாரும் சொல்லாமல் தானாகத் தட்டும் தமிழ் எது? 'சம்பவம்', 'செம', 'வேற லெவல்'தான்.

திருநெல்வேலியில் உள்ள மாமன் மகனோடும், மதுரையில் உள்ள முகம் தெரியாத நண்பனோடும் அவன் இதில்தான் பேசுகிறான். தமிழோடு அவனைக் கட்டியிருக்கும் கயிறு இது. அதைக் 'கழிசடைப் பேச்சு' என்று அறுத்தால், அவன் நன்னூல் தமிழுக்குத் தாவ மாட்டான். இந்திக்கும் ஆங்கிலத்துக்கும் போய்விடுவான்.

கலப்புப் பேச்சுக்கும் மரியாதை கிடைக்கும் என்பதற்குச் சாட்சி தாராவியிலேயே இருக்கிறது. அங்குள்ள 'டோப்அடெலிக்ஸ்' இளைஞர் குழு இந்தி, மராத்தி, தமிழ் எல்லாவற்றிலும் ராப் பாடுகிறது. 2018-ல் பா.ரஞ்சித் இயக்கி ரஜினிகாந்த் நடித்த 'காலா' படத்தில், சந்தோஷ் நாராயணன் இசையில் அவர்கள் குரல் ஒலித்தது. சந்துப் பேச்சு வெள்ளித்திரை ஏறியது.

எங்கே எச்சரிக்கை?

எல்லாச் சொல்லும் விளையாட்டு அல்ல. 2025-ல் வெளிவந்த 'அடோலசென்ஸ்' என்ற இங்கிலாந்துத் தொடரில், பள்ளி மாணவி ஒருத்தி கொலை செய்யப்படுகிறாள். 13 வயது சிறுவன் கைதாகிறான். அந்தப் பெண் இன்ஸ்டாகிராமில் அவனுக்குப் போட்ட சின்னச் சின்னப் படங்களை, சிநேகத்தின் அடையாளம் என்று துப்பறியும் அதிகாரி நினைக்கிறார். அதே பள்ளியில் படிக்கும் அவருடைய மகன்தான் 'அப்பா, அது கேலி' என்று விளக்குகிறான். குற்றவாளிகளைக் கரைத்துக் குடித்த போலீஸ்காரருக்கே மகன்தான் அகராதி!

அது கற்பனைக் கதை. பாடம் உண்மை. ஒரு பிள்ளையை எல்லாரும் சேர்ந்து ஒரே பட்டப்பெயரில் அழைத்தால், அவன் போனைக் கண்டாலே முகம் சுருங்கினால், 'செத்தேன்' என்பது சிரிப்பில்லாமல் தனிமையில் வந்தால், அங்கே பெரியவர் நிற்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்கச் சொல்லின் பொருள் மட்டும் போதாது. பிள்ளையின் முகமும் தெரிய வேண்டும்.

எல்லாச் சொல்லையும் மனப்பாடம் செய்யவும் முடியாது. 2025-ல் 'டிக்சனரி.காம்' என்ற அகராதித் தளம் ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது '67'. அதற்கு உறுதியான பொருளே கிடையாது! இன்று கற்றது நாளை பழசாகிவிடும். பெரியவர்களும் அதைப் பேச ஆரம்பித்தால் பிள்ளைகள் உடனே வேறு சொல் தேடிப் போவார்கள். ஆகவே பேச வேண்டாம், கேட்டால் போதும். நண்பர்கள் முன்னால் கேட்காமல், சாப்பிடும்போது தனியாக, 'இதுக்கு என்னப்பா அர்த்தம்?' என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் சொல்லிக் கொடுக்கும். வாத்தியார் ஆவது அவர்களுக்கும் பெருமைதானே!

பாண்டுப் தந்தை அதைத்தான் செய்தார். அன்று மாலை மகன் வியர்வையோடு வீடு திரும்பினான்.

"என்னலே, சம்பவம் ஆச்சா?"

"இல்லப்பா. எங்களை வெச்சு செஞ்சுட்டாங்க."

அந்தச் சொல் அவருக்குப் புதிது. ஆனால் இம்முறை பதறவில்லை. மகனின் முகத்தைப் பார்த்தார். பக்கத்தில் உட்கார இடம் விட்டார்.

"எத்தனை ரன்னுல தோத்தீங்க?"